சோசர் என்னும் குடும்பப்பெயர்: மத்தியகால ஆங்கிலப் பெயர்மரபு பற்றிய சில குறிப்புகள்

1598ஆம் ஆண்டில் தொமஸ் ஸ்பெயிற் என்பார் ஜெப்ரி சோசரின் ஆக்கங்களைத் தொகுத்து இலண்டனில் வெளியிட்டபோது, அந்நூலிலே செதுக்கோவியம் ஒன்றும் இடம்பெற்றது. நிலப்பட வரைஞராகப் புகழ்பெற்ற ஜோன் ஸ்பீட் அமைத்த அவ்வோவியத்தின் நடுவிற் கவிஞர் நிற்கின்றார். அவரைச் சுற்றியுள்ள வட்டங்களில் உறவினர் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. சோசரின் குலவரிசை என்பதே ஓவியத்தின் தலைப்பு. ஆயின் அதனை மேலிருந்து கீழாகப் படிப்போர்க்கு ஒரு வியப்பு உண்டாகும். உச்சியிற் பெயர் பொறிக்கப்பட்டிருப்பவர் கவிஞரின் தந்தையுமல்லர், பாட்டனுமல்லர். அவருடைய மாமனாராகிய பெயின் றொயற் என்னும் வீரப்பெருமகன். றொயற்றின் ஒரு மகள் கதறின் வழியாக ஒரு கிளை அரச குடும்பத்தைச் சென்றடைகின்றது. மற்றைய மகளும் சோசரின் மனைவியுமாகிய பிலிப்பா வழியாக இன்னொரு கிளை சபோக் கோமக்களிடம் சென்று முடிகின்றது. கவிஞருக்கு முன்னர் சோசர் என்னும் பெயரைத் தாங்கிய எவரும் அக்குலவரிசையிற் காணப்படவில்லை.

அவ்வோவியம் வரையப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, பழம்பொருளாய்வாளர் ஜோன் லீலண்ட் கவிஞரை உயர்குடிப் பிறப்பினர் என எழுதியிருந்தார். அதற்கு அவர் ஆதாரம் காட்டினாரல்லர். ஒரு மொழியின் தலைமைப் புலவராக ஏற்கப்பட்டவருக்கு அதற்கேற்ற குலமும் இருந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணமே அவருக்குப் போதிய ஆதாரமாயிற்றுப் போலும். பெயரிலிருந்து குலத்தையும் குலத்திலிருந்து பெருமையையும் வருவித்துக்கொள்ளும் இம்முறை லீலண்டின் காலத்தோடு ஒழிந்துவிடவில்லை. ஆங்கிலக் குடும்பப்பெயர்களின் தோற்றம்பற்றிப் பொதுவாசகர்க்கென எழுதப்படும் நூல்களிற் பல, இன்றும் பெயரைக் குருதியின் முத்திரையாகக் கொண்டே தொடங்குகின்றன. சோசர் குடும்பத்தைப் பற்றி எஞ்சியுள்ள ஆவணங்களோ முற்றிலும் வேறான ஒரு கதையைச் சொல்கின்றன. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஆங்கிலப் பெயர்மரபின் பொதுநிலையினைச் சிறிது நோக்குவது அவசியம். 1066ஆம் ஆண்டு நோமன் படையெடுப்பிற்கு முற்பட்ட இங்கிலாந்தில் ஒருவருக்கு ஒரு பெயரே பெரும்பாலும் போதுமானதாயிருந்தது. கொட்வின், எட்வேட், எடித் முதலிய பழைய ஆங்கிலப் பெயர்களின் தொகை பெரிது. அவற்றின் உறுப்புகளை மாற்றி இணைத்துப் புதிய பெயர்களை ஆக்கவும் முடிந்தது. எனவே ஒரே ஊரில் ஒரே பெயருடையோர் பலர் இருப்பது அரிதாயிற்று. நோமன் ஆட்சியின் பின்னர் இந்நிலை மாறியது. ஆள்வோரின் பெயர்களை ஆளப்படுவோர் தம் பிள்ளைகளுக்கு இடலாயினர். பழைய பெயர்கள் சில தலைமுறைகளுள் வழக்கொழிந்தன. பதினான்காம் நூற்றாண்டளவில் ஜோன், வில்லியம், தொமஸ், றிச்சாட், றொபேட் என்னும் ஐந்து பெயர்களே ஆண்மக்களுட் பெரும்பாலோருக்கு உரியனவாயின. ஒரு பண்ணையிற் பத்து ஜோன்கள் இருந்தால் எந்த ஜோன் வாரம் செலுத்தினான், எவன் செலுத்தவில்லை என்பதைக் கணக்கன் எவ்வாறு குறிப்பது? ஊர், தொழில், தந்தை அல்லது தாயின் பெயர், உடற்கூறு அல்லது நடத்தை ஆகிய நான்கினுள் ஒன்றைச் சார்த்தி எழுதுவது வழக்கமாயிற்று.

இவ்வாறு சார்த்தப்பட்டவை தொடக்கத்திற் குடும்பப்பெயர்கள் ஆகா. அவற்றை அடைபெயர்கள் என இக்கட்டுரையில் வழங்குவோம். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்னும் பெயரை அறிந்த தமிழ் வாசகருக்கு அடைபெயரின் இயல்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவருடைய மகனும் கூலவாணிகன் என அழைக்கப்பட்டான் என்று நாம் கொள்வதில்லை. இங்கிலாந்திலும் நிலைமை அவ்வாறே இருந்தது. ஜோன் என்னும் கொல்லனின் மகன் தச்சனாயின் அவன் தச்சன் எனவே எழுதப்பட்டான். ஊர் மாறினால் பெயரும் மாறிற்று. ஒரே மனிதன் ஒரு சுருளில் ஊர்ப்பெயராலும், இன்னொன்றில் தொழிற்பெயராலும், வேறொன்றிற் பட்டப்பெயராலும் குறிக்கப்படுவதுண்டு.

அடைபெயர் தந்தையிலிருந்து மகனுக்குச் செல்லும் குடும்பப்பெயராக மாறியது ஒரே நாளில் நடந்ததன்று. நிலவுடைமை கொண்ட நோமன் பெருங்குடும்பங்கள் சில 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே பதிவேட்டுக் காலத்திலேயே நோமண்டியிலிருந்த தம் காணிகளின் பெயரைப் பரம்பரையாக வழங்கத் தொடங்கிவிட்டன. பெயர் காணியைப் பற்றியிருந்தது. காணி மகனுக்குச் சென்றபோது பெயரும் உடன் சென்றது. நகர வணிகர்களும் தென்பகுதிக் குடியானவர்களும் பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் அதே வழியைப் பின்பற்றினர். வடபகுதியில் இம்மாற்றம் மேலும் தாமதித்தது. வேல்சில் அதனினும் தாமதித்தது. எவரிடத்தில் மகனுக்குக் கையளிக்கத்தக்க சொத்து இருந்ததோ அவரிடத்திற் பெயர் முதலில் நிலைபெற்றது என்பது இங்கு அவதானிக்கத்தக்கது. சொத்தற்றோரின் பெயரை நிலைநிறுத்தியதில் வரிப் பதிவேட்டுக்கும் பண்ணை நீதிமன்றச் சுருளுக்கும் பெரும்பங்குண்டு.

இவ்வாவணங்களைக் கொண்டு பெயரொன்றின் தோற்றத்தை ஆராய்வோர் எதிர்கொள்ளும் இடர் ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். சுருள்களை எழுதியோர் இலத்தீனிலோ பிரெஞ்சிலோ எழுதினர். ஊரார் ஸ்மித் என அழைத்தவனை எழுத்தர் இலத்தீன் மொழியில் ‘ஃபாபர்’ என எழுதிவைத்தார். அது அவன் செய்த தொழிலா, பெயர் மட்டுமா என்பதை அச்சொல்லைக் கொண்டு துணிய இயலாது. பிரெஞ்சு வழக்கில் ஊர்ப்பெயருக்கு முன் ‘டி’ என்பதும் தொழிற்பெயருக்கு முன் ‘லெ’ என்பதும் இடப்பட்டன. இருக்குமிடத்தைக் குறிக்க ‘அற்’ என்னும் ஆங்கில முன்னொட்டு வந்தது. பதினான்காம் நூற்றாண்டினூடே இம்முன்னொட்டுகள் படிப்படியாக உதிர்கின்றன. அவை உதிர்வது பெயர் இறுகிவிட்டமைக்கு ஓர் அறிகுறி. ஆயினும் அதுவும் உறுதியான அளவுகோலன்று.

இனி, சோசர் என்னும் சொல்லுக்கு வருவோம். இது பழம் பிரெஞ்சு மொழியின் ‘சோசியே’ என்பதிலிருந்து வந்தது. அதன் மூலம் காலணியைக் குறிக்கும் ‘கல்கெயுஸ்’ என்னும் இலத்தீன் சொல். இதனால் முற்கால ஆய்வாளர் சோசர் என்பதற்குச் சப்பாத்துத் தைப்பவன் எனப் பொருள் கொண்டனர். ஆயின் மத்தியகாலப் பிரெஞ்சில் ‘சோஸ்’ என்பது காலை மூடி மேல்நோக்கிச் செல்லும் நீண்ட உறையையே சிறப்பாகக் குறித்தது. துணியாலும் தோலாலும் அது செய்யப்பட்டது. எனவே அதனைச் செய்பவன் அல்லது விற்பவன் என்பதே பொருத்தமான பொருளென இன்று கொள்ளப்படுகின்றது. அரசாங்க முத்திரைக்கு மெழுகு உருக்குபவனைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரொன்றிலிருந்து இப்பெயர் வந்திருக்கலாம் என்ற கருத்தும் ஒருகாலத்தில் முன்வைக்கப்பட்டது; அது நிலைக்கவில்லை. மெழுகுருக்குபவன் அரச பணியாளன், காலுறை செய்பவன் வெறும் கைவினைஞன் என்பது அக்கருத்தின் கவர்ச்சிக்கு ஒரு காரணமாயிருந்திருக்கலாம்.

உடையோடு தொடர்புடைய தொழில்களுக்குப் பிரெஞ்சுச் சொற்கள் வழங்கியமை தற்செயலன்று. ஆடையை வாங்குவோர் பிரெஞ்சு பேசினர். தையற்காரனைக் குறிக்கும் ரெயிலர் என்பதும் பிரெஞ்சுச் சொல்லே. மறுபுறம், நெய்த துணியை நனைத்து மிதித்துத் தடிப்பாக்கும் கடின உழைப்புக்கு ஆங்கிலத்தில் வட்டாரந்தோறும் வெவ்வேறு பெயர்கள் இருந்தன. தென்மேற்கில் ரக்கர், தென்கிழக்கிற் புல்லர், வடக்கிலும் மேற்கு மத்திய பகுதியிலும் வோக்கர் எனவழங்கிய மூன்றும் ஒரே தொழிலின் பெயர்கள். இன்று அவை மூன்று குடும்பப்பெயர்களாக உள்ளன.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலும் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலண்டனில் ‘லெ சோசர்’ என்னும் அடையுடன் பலர் காணப்படுகின்றனர். தோல் வினைஞர் வாழ்ந்த கோட்வெயினர் வீதிப் பகுதியுடன் இவர்களிற் சிலர் தொடர்புற்றிருந்தனர். இவர்களெல்லாரும் உறவினராக இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரே தொழில் பலருக்கு ஒரே பெயரைத் தந்தது. இவ்வுண்மையைப் பற்றிக்கொள்ளாது, பெயரொற்றுமையை உறவாகக் கொண்டு பின்னோக்கிச் செல்பவர் எவருடைய பாட்டனையோ தம் பாட்டனாக வரித்துக்கொள்ள நேரும்.

சோசர் குடும்பத்தின் உண்மையான முன்னோர் இலண்டனைச் சேர்ந்தவர்களல்லர். அவர்கள் கிழக்குக் கரையிலுள்ள இப்சுவிச் துறைமுகத்தினர். கவிஞரின் பூட்டன் அன்ட்ரு டி டினிங்ரன் எனப்பட்டார். டினிங்ரன் என்பது ஊர்ப்பெயர். மதுச்சாலை நடத்தியமையால் அவரே அன்ட்ரு லெ ரவேணர் எனவும் எழுதப்பட்டார். அவருடைய மகன் றொபேட் சில ஆவணங்களில் றொபேட் டி டினிங்ரன் என்றும், சிலவற்றில் றொபேட் மாலின் என்றும், பின்னர் றொபேட் லெ சோசர் என்றும் வருகின்றார். மாலின் என்பது மேரி என்னும் பெண்பெயரின் செல்ல வடிவத்திலிருந்து பிறந்தது. ஆக, இரண்டே தலைமுறைகளுள் ஊர்ப்பெயர், தொழிற்பெயர், பெண்வழிப் பெயர் ஆகியன ஒரு குடும்பத்தில் மாறிமாறி வழங்கியுள்ளன. இவற்றுள் எதுவும் குடும்பப்பெயராக நிலைத்திருக்கலாம். கன்ரபெரிக் கதைகளை டினிங்ரன் என்னும் கவிஞரோ மாலின் என்னும் கவிஞரோ எழுதினார் என நாம் படித்திருக்கக்கூடும்.

சோசர் என்னும் பெயர் றொபேட்டுக்கு எவ்வாறு கிடைத்தது? அவர் காலுறை செய்தவரல்லர்; அவருடைய தந்தையும் அத்தொழில் செய்தவரல்லர். இவ்வினாவிற்கு நெடுங்காலம் தெளிவான விடை இருக்கவில்லை. 1991இல் லிஸ்ரர் மதேசன் வெளியிட்ட ஆய்வும், அதனைத் தழுவி மரியன் ரேணர் 2019இல் எழுதிய வாழ்க்கை வரலாறும் தரும் விளக்கம் பின்வருமாறு. இலண்டனில் ஜோன் லெ சோசர் என்னும் துணி வணிகர் ஒருவர் இருந்தார். றொபேட் அவரிடம் பணிபுரிந்தவர். 1302இல் நிகழ்ந்த கைகலப்பொன்றின் விளைவாக அவ்வணிகர் இறந்தபோது, அவருடைய சொத்தில் ஒரு பங்கு றொபேட்டுக்குக் கிடைத்தது. அதன் பின்னரே றொபேட் தம் எசமானரின் பெயரைத் தமதாக்கிக்கொண்டார்.

இவ்விளக்கத்தின் முழுப் பொருளையும் உணர்தல் வேண்டும். அந்த எசமானர்தாமே காலுறை செய்தவரல்லர், துணி விற்றவர். அவருக்கே அப்பெயர் தொழிலிலிருந்து நழுவிய பெயராயிருந்தது. அது அவரிடமிருந்து மகனுக்குச் செல்லாமல், இப்சுவிச் மதுச்சாலைக்காரரின் மகனான பணியாளருக்குச் சென்றது. ஆங்கில இலக்கியத்தின் மிகப் பெரிய பெயர்களுள் ஒன்று குருதிவழி வந்ததன்று. கூலியுறவின் வழி வந்தது.

இது விதிவிலக்கான நிகழ்ச்சி எனக் கருதுவோர் சுவீடிய அறிஞர் ஐலற் எக்வோல் 1945இல் வெளியிட்ட ஆய்வைப் பார்த்தல் நன்று. மத்தியகால இலண்டனிற் குடும்பப்பெயர்கள் எவ்வாறு மாறின என்பதை ஆராய்ந்த அவர், தொழில் பயில வந்த இளைஞர்கள் எசமானரின் பெயரைப் பெறுவது அங்கு வழக்கமாயிருந்தமையை ஆவணங்களைக் கொண்டு காட்டினார். கிராமத்து இளைஞன் எசமானின் வீட்டில் உண்டு, உறங்கி, பல்லாண்டு பணிபுரிந்தான். நகரத்தார் அவனை அவ்வீட்டின் பெயராலேயே அறிந்தனர். எசமானரின் நற்பெயர் வணிகத்திற்கு ஒரு முதலும் ஆயிற்று. யோக்‌ஷயரில் இன்றும் வழங்கும் மத்தியூமன், அடிமன் போன்ற பெயர்களோ இதனை மறைக்கவேயில்லை. மத்தியூவின் வேலையாள், ஆதாமின் வேலையாள் என்பவையே அவற்றின் நேர்ப்பொருள்.

பெயரைக் குருதியின் சான்றாகக் கொள்ளும் நோக்குக்கு அண்மைக்கால மரபணுவியல் ஓரளவு துணை செய்கின்றது என்பதையும் இங்கு மறைக்காது கூறல் வேண்டும். லெஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ரூறி கிங், மார்க் ஜொப்ளிங் ஆகியோர் நிகழ்த்திய ஆய்வுகளின்படி, அரிதான ஆங்கிலக் குடும்பப்பெயர்களைத் தாங்கும் ஆண்கள் பலர் பொதுவான ஒரு முன்னோரின் வழிவந்தோராகக் காணப்படுகின்றனர். ஆனால் ஸ்மித் போன்று பரவலான தொழிற்பெயர்களில் அத்தகைய ஒற்றுமை தோன்றவில்லை. மேலும், பெயர் நிலைபெற்றபின் அதைத் தாங்கியோர் யாவர் என்பதற்கே இச்சோதனை விடையளிக்கும். அப்பெயர் முதற் சூடியவரிடம் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு 1302இன் ஆவணங்கள் தரும் விடையை மரபணு தராது.

றொபேட் லெ சோசர் வணிகத்தில் முன்னேறினார். 1310இல் இலண்டனில் இறக்குமதியான வைன்மீது அரசுக்குரிய தீர்வையை அறவிடுவோருள் ஒருவராக நியமிக்கப்பட்டார். அவருடைய மனைவி மேரி, ஏலவே ஜோன் ஹெயிரன் என்பவரை மணந்து விதவையானவர். றொபேட் இறந்தபின் மேரி மூன்றாவதாக மணந்தவரும் ஒரு வைன் வணிகரே. அவர் பெயர் றிச்சாட் லெ சோசர். எனவே றொபேட்டின் மகன் ஜோனுக்குத் தந்தையும் சோசர், சிற்றப்பனும் சோசர். இதனால் விளைந்த குழப்பம் நெடுங்காலம் நீடித்தது. இலண்டன் நகர வரலாற்றை 1598இல் வெளியிட்ட ஜோன் ஸ்ரோ, தேவாலயமொன்றுக்குச் சொத்து வழங்கிய றிச்சாட்டே கவிஞரின் தந்தை என ஊகித்து எழுதிவிட்டார். உண்மையில் அவர் கவிஞருடைய பாட்டியின் மூன்றாம் கணவர், 1349இல் இறந்தவர்.

அக்குடும்பத்தின் பெயர்வரலாற்றிற் சொத்து வகித்த இடத்தை 1324ஆம் ஆண்டு திசம்பரில் நடந்த நிகழ்ச்சி நன்கு காட்டும். றொபேட்டின் இப்சுவிச் காணிகளுக்கு உரியவனாகிய ஜோன் அப்போது ஏறக்குறையப் பன்னிரண்டு வயதுச் சிறுவன். றொபேட்டின் சகோதரியும் சிறுவனின் மாமியுமான அக்னெஸ் டி வெஸ்ற்ஹேல் ஆள்களுடன் இலண்டனுக்கு வந்து அவனைக் கடத்திச் சென்றார். தம் மகள் ஜோனைச் சிறுவனுக்கு மணம்முடித்துக் காணியைத் தம் குடும்பத்துள் வைத்திருப்பதே அவர் எண்ணம். தாயும் சிற்றப்பனும் வழக்குத் தொடுத்தனர். அக்னெஸ் சிறையிடப்பட்டார், 250 பவுண் தண்டமும் விதிக்கப்பட்டது. அக்காலத்தில் அது ஒரு செல்வக் குடும்பத்தையே அசைக்கக்கூடிய தொகை.

இவ்வழக்கு, மரணசாசனம், காணி உறுதி ஆகியவற்றினூடாகவே ‘றொபேட்டின் மகன் ஜோன் சோசர்’ என்பது நீதிமன்றத்தால் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டு உறுதியாகின்றது. தந்தையின் காணிக்கு உரிமை கோருபவன் தந்தையின் பெயரையும் உடன் கோரவேண்டியவனாகின்றான். டினிங்ரன், ரவேணர், மாலின் என அலைந்த பெயர் அலைதலை நிறுத்திக்கொண்டது இந்தத் தலைமுறையிலேயே.

ஜோன் சோசர் தேம்ஸ் வீதியில் வாழ்ந்த வசதியான வைன் வணிகராய் விளங்கினார். சவுதாம்ரன் துறைமுகத்தில் அரசனின் பான அதிகாரிக்குப் பிரதியாகவும் இருந்தார். அவருடைய மனைவி அக்னெஸ் கொப்ரன், நாணயம் அடிக்கும் தொழிலினரான தம் உறவினர் ஹேமோ டி கொப்ரனின் இலண்டன் சொத்துக்கு உரியவரானவர். 1366இல் ஜோன் இறந்தபின் அவர் மணந்தவர் பார்த்தலோமியு அற் சப்பல் என்னும் வேறொரு வைன் வணிகர். சிற்றாலயத்தின் பக்கத்தில் இருப்பவர் என்பதே அவருடைய அடையின் பொருள். ஒரே தெருவில், ஒரே தொழிலில், ஒரே பெண்ணை மணந்த இருவருள் ஒருவரின் பெயர் காலுறையையும் மற்றவரின் பெயர் ஆலயத்தையும் சுட்டிற்று. இருவரும் வைன் விற்றனர்.

ஜெப்ரி சோசர் ஆவணங்களில் முதன்முதலாகத் தோன்றுவது 1357இல். அரசகுமாரர் லயனலின் மனைவியான அல்ஸ்ரர் பெருமாட்டியின் வீட்டுக் கணக்கில், அவ்வீட்டிற் பணிபுரிந்த இளைஞனுக்கு வாங்கிய உடைகள் குறிக்கப்பட்டுள்ளன. நான்கு சிலிங்குக்குக் குறுஞ்சட்டை ஒன்று. மூன்று சிலிங்குக்குச் சிவப்பும் கறுப்புமான நீண்ட காலுறையும் ஒரு சோடி சப்பாத்தும். இக்கணக்குத் தாள்கள் பிற்காலத்து வேறொரு கையெழுத்துப் பிரதியின் கட்டட அட்டையை உறுதிப்படுத்தப் பயன்பட்டமையால் தப்பிப் பிழைத்தவை. காலுறை செய்பவன் என்னும் பெயருடையவருக்குக் காலுறை வாங்கிய செலவே இலக்கிய வரலாற்றில் அவருக்குக் கிடைத்த முதற் பதிவு. அதனை எழுதிய கணக்கருக்கு அதில் நகைப்பதற்கு எதுவும் இருந்திராது. 1357இல் அப்பெயர் பொருள் மறந்த ஒரு பெயர் மட்டுமே.

அவர் பற்றிய வாழ்க்கைப் பதிவுகள் 493 இன்று தொகுக்கப்பட்டுள்ளன. இப்பணியைத் தொடக்கி வைத்தது 1868இற் பிரெடெறிக் பேர்ணிவல் நிறுவிய சோசர் கழகம். இலண்டன் தொழிலாளர் கல்லூரியிற் கற்பித்தவரும் சமூகவாதச் சார்புடையவருமான பேர்ணிவல், கவிஞரின் வணிகப் பிறப்பைக் கண்டு கூச்சமடையவில்லை. 1966இல் குரோவும் ஓல்சனும் வெளியிட்ட பெருந்தொகுதியிலே அப்பதிவுகள் முழுமை பெற்றன. தூதுப்பணி, ஓய்வூதியம், கடன் வழக்கு எனப் பலவற்றைக் கூறும் அவற்றில் ஒன்றேனும் அவரைக் கவிஞரெனக் குறிப்பிடவில்லை. 1374 முதல் 1386 வரை இலண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்கக் கட்டுப்பாட்டாளராக அவர் கடமையாற்றினார். கணக்குகளைத் தம் கையாலேயே எழுதவேண்டுமென்பது நியமன நிபந்தனைகளுள் ஒன்று. பிறருடைய பெயர்களைச் சுருளில் ஏற்றும் வேலையை அவரும் செய்தவரே.

சுருள்களைப் பற்றிப் பேசுமிடத்து 1381ஐத் தவிர்த்துச் செல்ல முடியாது. 1377இல் தலைக்கு நான்கு பென்ஸ் ஆக இருந்த தலைவரி, 1380இன் பாராளுமன்றத்தாற் பன்னிரண்டு பென்ஸ் ஆக உயர்த்தப்பட்டது. வரி அறவிடுவோர் வீடுவீடாகச் சென்று பெயர்களை எழுதினர். குடியானவர் பெயர்களை மறைத்தனர். 1377இன் எண்ணிக்கையோடு ஒப்பிடுமிடத்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மக்கள் பதிவேட்டிலிருந்து காணாமற் போயினர். குடும்பப்பெயர் ஆய்வாளர் பெரிதும் போற்றும் மூலாதாரம் இத்தலைவரிப் பதிவேடு. அதில் இடம்பெறாதிருப்பதே அன்றைய ஏழைக்கு நலமாயிருந்தது என்பதை அவர்கள் எப்போதும் நினைவிற் கொள்வதில்லை.

யூன் மாதத்திற் கிளர்ச்சி வெடித்தபோது எசெக்ஸ், கென்ற் மாநிலங்களின் குடியானவர் பல இடங்களில் முதலிற் செய்தது பண்ணை நீதிமன்றச் சுருள்களை எரித்ததே. பண்ணையடிமையின் பெயரும் அவனுடைய கடப்பாடும் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. அவர்களுடைய தலைவன் வற் ரைலரின் பெயர் ஓடு வேய்பவனைக் குறிப்பது. கிளர்ச்சியாளரிடையே சுற்றிய கடிதங்கள் சிலவற்றை எதிர்த்தரப்பு வரலாற்றாசிரியர்களே தம் நூல்களிற் பதிந்துவைத்துள்ளனர். அவற்றிற் கையொப்பமிட்டோர் ஆலைக்கார ஜாக், வண்டிக்கார ஜாக், உண்மையாளன் ஜாக் எனத் தம்மைக் கூறிக்கொள்கின்றனர். எழுத்தன் அடையாளங்காட்டச் சூட்டிய தொழிற்பெயரை, அடையாளங் காணமுடியாதபடி தம்மை மறைக்கும் பொதுப்பெயராக அவர்கள் மாற்றிக்கொண்டனர். ஆலைக்காரன் எவன் என்று கேட்டால் எல்லாரும் ஆலைக்காரரே. குடும்பப்பெயர் பற்றிய நூல்களில் இச்செய்திக்கு உரிய இடம் கொடுக்கப்படாமை எமக்கு வியப்பளிக்கின்றது.

அவ்வேளையில் சோசரின் குடியிருப்பு அல்ட்கேற் என்னும் நகரவாயிலின் மேற்றளத்தில் இருந்தது. எசெக்சுக் கிளர்ச்சியாளர் நகருட் புகுந்தது அவ்வாயிலினூடாகவே எனச் சொல்லப்படுகின்றது. அவருடைய தந்தையின் வீடிருந்த வின்ற்றி வட்டாரத்திற் பிளெமிஷ் மக்கள் பலர் கொல்லப்பட்டனர். அக்கொலைகளும் அக்கிளர்ச்சியின் வரலாற்றைச் சேர்ந்தவையே. யூன் 15இல் வற் ரைலர் சிமித்பீல்டிற் கொல்லப்பட்டான். நான்கு நாள் கழித்து, யூன் 19இல், சோசர் தம் தந்தையின் தேம்ஸ் வீதி வீட்டின்மீதான உரிமையை விட்டுக்கொடுத்து உறுதியொன்றில் ஒப்பமிட்டார். ‘இலண்டன் வைன் வணிகரான ஜோன் சோசரின் மகன் ஜெப்ரி சோசர்’ எனத் தம்மை அதிற் குறிப்பிடுகின்றார். லீலண்டின் உயர்குடிக் கதைக்கும் ஸ்ரோவின் ஊகத்திற்கும் ஒரே வரியில் விடையளிப்பது அந்த உறுதியே. காணி கைமாறும் இடத்திலேதான் தந்தையின் பெயரும் தொழிலும் முழுமையாக எழுதப்படுகின்றன.

கன்ரபெரிக் கதைகளின் யாத்திரிகர் பெரும்பாலும் தொழிலாலேயே சுட்டப்படுவதை இப்பின்னணியில் நோக்கலாம். ஆலைக்காரன் றொபின், பண்ணைக் கண்காணி ஒஸ்வோல்ட், வெயர் ஊர்ச் சமையற்காரன் றொஜர் என்றே அவர்கள் வருகின்றனர். விடுதிக்காரன் மட்டும் ஹரி பெய்லி என்னும் இருபெயர் பெறுகின்றான். சதர்க்கின் 1381ஆம் ஆண்டுத் தலைவரிப் பதிவேட்டில் ஹென்றி பெய்லிவ், விடுதி நடத்துபவர், என ஒருவர் தம் மனைவியுடன் பதிவாகியிருப்பது ஆய்வாளர் நன்கறிந்த செய்தி. பெய்லிவ் என்பது பண்ணை நிருவாகியைக் குறிக்கும் பதவிப்பெயர். அதனைத் தாங்கியவர் விடுதி நடத்தினார். ஆதலால் எழுத்தர் பெயரைத் தொடர்ந்து தொழிலையும் தனியே எழுதவேண்டியதாயிற்று. 1413இல் ஐந்தாம் ஹென்றியின் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, வழக்கில் எதிராளியின் பெயருடன் அவரது தகுதியோ தொழிலோ, ஊர் ஆகியனவும் எழுதப்படவேண்டுமென விதித்தது. பெயரைக் கேட்டவுடன் தொழிலை அறியும் காலம் முடிந்துவிட்டதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது எனலாம்.

கவிஞரின் மகன் தொமஸ் சோசர் வணிகர் உலகை முற்றாகக் கடந்துவிட்டார். அவர் அரசனின் தலைமைப் பான அதிகாரியானார். பாராளுமன்றப் பொதுச்சபைக்கு ஐந்து தடவைகள் சபாநாயகராகவும் தெரிவானார். மனைவி மோட் பேர்கர்ஷ் வழியாக ஒக்ஸ்பட் மாநிலத்து யூவெல்ம் பண்ணை அவருக்குக் கிடைத்தது. இவ்வளவு உயர்ந்த நிலையில் வைன் வணிகரின் பெயர் சற்றுச் சங்கடமானதே. பெயரை அவர் மாற்றவில்லை; ஆனால் கேடயச் சின்னமாகத் தாய்வழி றொயற் குடும்பத்தின் சக்கரங்களையே ஏற்றார். றொயற் என்பதற்குப் பிரெஞ்சிற் சிறு சக்கரம் என்று பொருள் தோன்றும். பெயரைச் சின்னமாக்கிய அந்தச் சொல்விளையாட்டு வீரப்பெருமக்களுக்கு உகந்ததாயிருந்தது. அதே முறையிற் சோசர் என்னும் பெயருக்குச் சின்னம் வகுத்தால் கேடயத்திற் காலுறையைத்தான் தீட்டவேண்டியிருந்திருக்கும்.

தொமஸ் 1434இல் இறந்தார். அவருக்கு இருந்த ஒரே பிள்ளை அலிஸ். அலிஸ் மூன்று முறை மணம் புரிந்தார். மூன்றாவது கணவர் வில்லியம் டி லா போல் பின்னர் சபோக் கோமகனானவர். அவரது குடும்பமும் மூன்று தலைமுறைகளுக்கு முன் ஹல் துறைமுகத்திற் கம்பளி விற்ற குடும்பமே. அவர்களுடைய மகன் நான்காம் எட்வேட் மன்னரின் சகோதரியை மணந்தார். பேரன் லிங்கன் பிரபு ஜோன் 1487இல் ஸ்ரோக் போர்க்களத்தில் அரசுரிமைச் சண்டையில் மாண்டார். ஸ்பீட் தம் ஓவியத்தில் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பியது இக்கிளையைக் கொண்டே.

தொமஸ், மோட் இருவரின் கல்லறை யூவெல்ம் தேவாலயத்தில் உள்ளது. ஸ்பீட் தம் ஓவியத்தின் அடியில் வரைந்திருப்பதும் அதனையே. கல்லறையைச் சுற்றிப் பிரபுக்களின் கேடயச் சின்னங்கள் நிரையாக அமைந்துள்ளன. பக்கத்தில் 1475இல் இறந்த அலிஸின் வெண்கற் படிமம் கிடக்கின்றது. டினிங்ரனிலிருந்து இப்சுவிச்சுக்கும், இப்சுவிச்சிலிருந்து ஒரு துணி வணிகரின் வீட்டுக்கும் வந்து சோசராகிய குடும்பத்தில் தொமஸின் வழி அப்பெயர் அலிஸோடு நின்றது. அவருடைய பிள்ளைகள் தந்தையின் பெயரைத் தாங்கினர்.